லிதுவேனியமும் மோங்கும்: கடைசி எழுத்தைக் கவனியுங்கள்! (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லிதுவேனிய மொழியையும் மோங் மொழியையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று பால்டிக் கடலோரத்துக் குளிர்நாட்டின் ஆட்சிமொழி. மற்றது தென்சீனா, வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் பேசப்படும் மொழி. எனக்கு இந்த ஒப்பீடு பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்துதான். இரண்டையும் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். இரண்டிலும் எக்கச்சக்கமான சொற்கள் எஸ் என்ற எழுத்தில் முடிகின்றன. ஆனால் அந்த எஸ் அங்கே செய்யும் வேலை வேறு, இங்கே செய்யும் வேலை வேறு. அதைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு மொழிகளின் உள்ளும் தெரிந்துவிடுகிறது.

இரண்டுக்கும் ஏதாவது உறவு உண்டா?

இல்லை. லிதுவேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளை. அந்தக் கிளையில் இன்று உயிரோடு இருப்பவை லிதுவேனியமும் லாட்வியமும்தான். இவற்றோடு பிறந்த பழைய பிரஷ்ய மொழி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்டது. மோங், மோங்-மியன் என்ற தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீன மொழியிலிருந்து நிறையக் கடன் வாங்கியிருந்தாலும் அது சீனத்தின் கிளை அல்ல.

யார், எங்கே பேசுகிறார்கள்?

லிதுவேனியத்தைப் பேசுவோர் சுமார் 30 லட்சம் பேர். பெரும்பாலோர் லிதுவேனியாவில்தான் இருக்கிறார்கள். சிகாகோ போன்ற நகரங்களில் பழைய குடியேற்றங்களும் உண்டு. 2004 முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று.

மோங்குக்கு அப்படிச் சொந்த நாடு கிடையாது. சீன அரசு 'மியாவ்' என்று பதிவு செய்யும் இனத்தில் 2010 கணக்கெடுப்பின்படி சுமார் 94 லட்சம் பேர். ஆனால் அவர்கள் எல்லோரும் மோங் பேசுபவர்கள் அல்லர். ஒருவருக்கொருவர் புரியாத பல மொழிகள் அந்த ஒரே பெயருக்குள் அடக்கப்பட்டிருக்கின்றன. லாவோஸ் போர் முடிந்த 1975க்குப் பிறகு ஏராளமான மோங் குடும்பங்கள் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்தன. அங்கிருந்து அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, பிரெஞ்சு கயானா என்று சிதறின. அமெரிக்காவில் மட்டும் இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மோங் மக்கள் வாழ்கிறார்கள். மினசோட்டாவின் செயின்ட் பால் நகரம் அவர்களுக்கு ஒரு தலைநகரம் மாதிரி.

மோங்கிலும் வட்டார வழக்குகள் உண்டு. 'வெள்ளை மோங்', 'பச்சை மோங்' என்ற பெயர்கள் பெண்கள் உடுத்தும் பாவாடையின் நிறத்தை ஒட்டி வந்தவை என்பார்கள். இங்கே நான் தரும் எடுத்துக்காட்டுகள் வெள்ளை மோங்.

சரி, அந்த எஸ் என்ன செய்கிறது?

லிதுவேனியத்தில் 'வீரஸ்' என்றால் ஆண், கணவன். கடைசி எஸ்ஸை நன்றாக உச்சரிக்க வேண்டும். "இது ஆண்பால், ஒருமை, வாக்கியத்தின் எழுவாய்" என்ற மூன்று செய்தியையும் சொல்வது அந்த முடிவுதான். அதை மாற்றினால் வேற்றுமை மாறிவிடும்.

மோங்கில் கடைசி எஸ்ஸை உச்சரிக்கவே கூடாது. அது ஒலி அல்ல, குரலைத் தாழ்த்தச் சொல்லும் குறி. 'தௌ' என்ற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். டி, ஏ, யூ என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். அதன் முடிவில் பி போட்டால் குரல் மேலே நிற்கும், பொருள் பூசணி. எம் போட்டால் குரல் தாழ்ந்து தொண்டையில் கரகரத்து வெட்டுப்படும், பொருள் அவரை. எஸ் போட்டால் தாழ்ந்த சமக்குரல், பொருள் கோடரி. ஜி போட்டால் மூச்சுக் காற்று கலந்து இறங்கும், பொருள் பின்தொடர்ந்து போவது. எதுவும் போடாமல் மொட்டையாக விட்டால் நடுக்குரல், 'கிடைத்தது, முடிந்தது' என்று பொருள். பூசணி, அவரை, கோடரி என்று ஒரு மலைக்காட்டு வயலே அந்த ஓர் அசைக்குள் இருக்கிறது.

இப்படிக் குறிபோட்ட தொனிகள் ஏழு, குறியில்லாதது ஒன்று, ஆக எட்டு. மெய்யெழுத்தைத் தொனிக்குறியாகப் பயன்படுத்தும் இந்த யோசனை எப்படி வந்தது? மோங் அசைகள் எப்போதும் உயிரொலியில்தான் முடியும், இல்லையென்றால் 'ங்' என்ற மூக்கொலியில் முடியும். அந்த 'ங்'கையும் உயிரெழுத்தை இரட்டித்துக் காட்டிவிடுகிறார்கள். அப்படியானால் அசைமுடிவில் மெய்யெழுத்துகளுக்கு வேலையே இல்லை. சும்மா இருக்கும் எழுத்துக்குத் தொனி வேலையைக் கொடுத்துவிட்டார்கள். மேலே கீழே கோடு, புள்ளி எதுவும் தேவையில்லை, சாதாரணத் தட்டச்சுப் பொறியிலேயே அடித்துவிடலாம். 'மோங்' என்ற பெயரையே எச், எம், இரண்டு ஓ, ஒரு பி என்று எழுதுவார்கள். இரண்டு ஓ என்றால் 'ஓங்', பி என்றால் உயர்குரல். 'மோப்' என்று படித்துவிட்டால் போச்சு.

லிதுவேனியமோ குறிகளுக்கு அஞ்சுவதே இல்லை. அதன் 32 எழுத்துகளில் சிலவற்றுக்குத் தொப்பி உண்டு, சிலவற்றுக்கு வால் உண்டு. வால் வைத்த உயிரெழுத்துகளை 'மூக்கு எழுத்து' என்றுதான் அவர்கள் மொழியிலேயே சொல்வார்கள். முன்பு அவை மூக்கொலிகள். இன்று மூக்கொலி போய் வெறும் நெடிலாகிவிட்டன. ஒலி போன பிறகும் வால் நிற்கிறது, ஏனென்றால் வேற்றுமையைக் காட்ட அது தேவைப்படுகிறது.

லிதுவேனியத்திலும் தொனி உண்டு என்கிறார்களே?

உண்டு, ஆனால் மோங்கைப் போல ஒவ்வோர் அசைக்கும் கிடையாது. அழுத்தம் விழும் நீண்ட அசையில் மட்டும் குரல் இரண்டு விதமாகப் போகலாம். 'ஷௌக்' என்று சொல்லும்போது முன்பாதியை அழுத்தி இறக்கினால் 'சுடு' என்று பொருள். பின்பாதியில் அழுத்தி இழுத்தால் 'கூப்பிடு'. அதேபோல 'ஔக்ஷ்தஸ்' ஒரு விதமாகச் சொன்னால் உயரமானது, இன்னொரு விதமாகச் சொன்னால் கட்டடத்தின் மாடி. அகராதியிலும் பாடநூலிலும் இதற்குக் குறி போடுவார்கள், செய்தித்தாளில் போட மாட்டார்கள். மோங்கில் தொனி தவறினால் பேச்சே குழம்பிவிடும். லிதுவேனியத்தில் தவறினால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள், நீங்கள் வெளியூர் என்பது மட்டும் தெரிந்துவிடும்.

இலக்கணம் எப்படி வேறுபடுகிறது? ஒரு வாக்கியத்தில் காட்ட முடியுமா?

"ஆள் நாயைப் பார்க்கிறான்" என்ற வாக்கியம் போதும்.

லிதுவேனியத்தில் 'வீரஸ் மாதோ ஷுனீ'. இதைத் திருப்பி 'ஷுனீ மாதோ வீரஸ்' என்றாலும் பார்ப்பவன் ஆள்தான், பார்க்கப்படுவது நாய்தான். நாய் ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் 'ஷுஓ மாதோ வீரா' என்று முடிவுகளை மாற்ற வேண்டும். இது தமிழருக்குப் புதிதே அல்ல. நாமும் 'நாயை அவன் பார்த்தான்' என்று இடம் மாற்றிப் பேசுகிறவர்கள்தானே. ஷுஓ, ஷுன்ஸ், ஷுனுய், ஷுனீ, ஷுனிமி, ஷுனீயே, ஷுனியெ என்று ஏழு வேற்றுமை. நாய், நாயின், நாய்க்கு, நாயை, நாயால், நாயில், நாயே என்று நாம் ஒப்பித்த அதே பாடம். ஒரு வித்தியாசம், நமக்கு 'நாய்' அசையாமல் நின்று உருபுதான் ஒட்டும். அவர்களுக்குச் சொல்லின் உடம்பும் முடிவும் கலந்து உருமாறும், பன்மைக்கு வேறொரு வரிசை இருக்கும்.

மோங்கில் 'து ட்ஸி நெங் பொ து தே'. முன்னால் நிற்பவர் பார்ப்பவர், பின்னால் நிற்பது பார்க்கப்படுவது. இடத்தை மாற்றினால் நாய்தான் ஆளைப் பார்க்கும். எந்தச் சொல்லும் வேற்றுமைக்காக உருமாறாது. வரிசைதான் இலக்கணம்.

காலம் காட்டுவது?

லிதுவேனிய வினை ஆளுக்கும் காலத்துக்கும் மாறும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வழக்க இறந்தகாலம். 'டிர்பௌ' என்றால் வேலை செய்தேன். 'டிர்ப்தவௌ' என்றால் அப்போதெல்லாம் வேலை செய்வது வழக்கம். "அந்தக் காலத்துல தினமும் ஆத்துக்குப் போவோம்" என்று நாம் எதிர்கால உருவத்தை வைத்துச் சொல்லும் ஏக்கத்துக்கு அவர்களிடம் தனி விகுதியே இருக்கிறது.

மோங் வினை மாறவே மாறாது. 'கு மு' என்றால் நான் போகிறேன். நடுவில் 'யுஅ' சேர்த்தால் போகப்போகிறேன், கடைசியில் 'லவ்' சேர்த்தால் போயாகிவிட்டது. தேவையில்லாதபோது அதையும் விட்டுவிடலாம்.

அப்படியானால் மோங் எளிய மொழியா?

இந்த எண்ணத்தை நான் எங்கே பார்த்தாலும் மறுப்பேன். விகுதி இல்லாத மொழி எளிய மொழி என்பது தப்புக் கணக்கு. மோங்கின் நுணுக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

'ந்தவ்' என்ற சொல்லைப் பாருங்கள். எழுத்து, தாள் சார்ந்த எல்லாவற்றுக்கும் அதுதான். முன்னால் 'பௌ' போட்டால் புத்தகம், 'டாய்' போட்டால் ஒரு தாள், 'ட்சா' போட்டால் கடிதம். இந்த முன்சொற்கள் பொருளின் வடிவையும் இனத்தையும் காட்டும் வகைச்சொற்கள். விலங்குக்கும் ஆளுக்கும் ஒன்று, உருண்டைக்கும் வீட்டுக்கும் ஒன்று, கைப்பிடி உள்ள கருவிக்கு ஒன்று. நமக்குச் சீப்பு வாழைப்பழம், கட்டுக் கீரை, நான்கு பேர் என்று அங்கொன்று இங்கொன்றாக இருப்பது அவர்களுக்கு எண்ணும்போதெல்லாம் கட்டாயம்.

அதோடு, பக்கத்துச் சொல்லின் தொனியே இந்தச் சொல்லின் தொனியை மாற்றிவிடும். விலங்குக்கான 'து' சாதாரணமாக எஸ்ஸில் முடியும் தாழ்குரல். முன்னால் உயர்குரலில் 'இ' (ஒன்று) வந்துவிட்டால் எஸ் போய் ஜி ஆகி, மூச்சுக் கலந்த குரலாகும். நம்முடைய புணர்ச்சி விதிகளைப் போலத்தான், ஆனால் இது குரலில் நடக்கும் புணர்ச்சி. மோங்கின் மெய்யொலிகளும் ஐம்பதைத் தாண்டும். மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டே 'ம்' சொல்வது ஒரு தனி ஒலி, அண்ணத்தின் அடியாழத்தில் தட்டும் 'க' இன்னொன்று.

இரண்டும் ஒத்துப்போகும் இடம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, 'நாம் இருவர்' என்ற இடத்தில். மோங்கில் ஒருவர், இருவர், பலர் என்று மூன்று எண். 'நே' என்று எழுதி முடிவில் பி போட்டால் நீங்கள் இருவர். ஜே போட்டால் நீங்கள் மூவரோ அதற்கு மேலோ. மறுபடியும் அந்தக் கடைசி எழுத்துதான்! லிதுவேனியத்தில் 'முது' என்றால் நாங்கள் இரு ஆண்கள் அல்லது ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவரும் பெண்கள் என்றால் 'முத்வி'. முன்பு வினைச்சொல்லுக்கும் இருமை வடிவம் இருந்தது, இன்றைய பொதுவழக்கில் அது போய்விட்டது.

லிதுவேனியம் கிட்டத்தட்ட சமஸ்கிருதம்தான் என்பது உண்மையா?

பாதி உண்மை. 'தியெவஸ் தாவே தாந்திஸ், தியெவஸ் துஓஸ் இர் துஓனொஸ்' என்று ஒரு பழமொழி. கடவுள் பல்லைக் கொடுத்தார், ரொட்டியையும் கொடுப்பார் என்று பொருள். தேவன், தந்தம் இரண்டும் நம் காதிலேயே விழுகின்றன. நாம் 'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்கிறோமே, அதேதான். நெருப்பு 'உக்னிஸ்', மகன் 'சூனுஸ்', புகை 'தூமஸ்'. சமஸ்கிருதத்தில் இவை அக்னி, சூனு, தூமம்.

ஆனால் லிதுவேனியம் சமஸ்கிருதத்தின் பிள்ளை அல்ல. இரண்டும் ஒரே பழைய தாயின் வெவ்வேறு கிளைகள். லிதுவேனியம் பழைய முடிவுகளை மற்ற ஐரோப்பிய மொழிகளைவிட அதிகம் காப்பாற்றி வைத்திருக்கிறது, அதனால்தான் மொழியியலாளர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். லிதுவேனியரிடம் சமஸ்கிருதத்தில் பேசினால் புரியும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

பெயர்களில் என்ன வேறுபாடு?

லிதுவேனியர்கள் வெளிநாட்டுப் பெயருக்கும் தங்கள் முடிவை ஒட்டிவிடுவார்கள், ஒட்டினால்தான் வேற்றுமை சேர்க்க முடியும். லண்டன் 'லோன்தொனஸ்'. காந்தி 'காந்திஸ்'. (காந்தியின் தென்னாப்பிரிக்க நண்பர் ஹெர்மன் காலன்பாக்கின் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். ருஸ்னே என்ற ஊரில் இருவருக்கும் 2015இல் சிலை வைத்தார்கள்.) பெண்ணின் குடும்பப்பெயர் 'ஐதே', 'ஈதே' போல முடிந்தால் மணமாகாதவர், 'இயெனே' என்று முடிந்தால் மணமானவர் என்பது மரபு. முன்னாள் குடியரசுத் தலைவர் தாலியா கிரிபௌஸ்கைதேயின் பெயரிலேயே அதைக் காணலாம். இந்தக் காலத்தில் எதையும் காட்டாத 'ஏ' முடிவைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு.

மோங் மக்களிடம் குலப்பெயர் பெரிது. யாங், வாங், லீ, ஷோங் என்று போகும். ஒரே குலத்துக்குள் மணமுடிக்க மாட்டார்கள். மரபுப்படி பெண் மணமான பிறகும் தந்தையின் குலப்பெயரையே வைத்துக்கொள்கிறாள்.

இவர்களுக்கு எழுத்து எப்படி வந்தது?

இரண்டு மொழிகளின் மீதும் எனக்குப் பற்று வந்தது இந்தக் கதையால்தான்.

முதல் லிதுவேனிய அச்சுநூல் 1547இல் கோனிக்ஸ்பெர்க்கில் வெளியான மார்தினஸ் மாஷ்வீதஸின் ஞானோபதேசம். 1864இல், அப்போது லிதுவேனியாவை ஆண்ட ரஷ்யப் பேரரசு லிதுவேனியத்தை ரோமன் எழுத்தில் அச்சிடத் தடை போட்டது. எழுத வேண்டுமா, ரஷ்ய எழுத்தில் எழுது என்றது. மக்கள் அந்தப் புத்தகங்களைத் தொடவில்லை. எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவில் அச்சடித்து, இரவில் மூட்டை கட்டி முதுகில் சுமந்து எல்லை தாண்டினார்கள். 'க்னிக்னெஷெய்', அதாவது புத்தகம் சுமப்பவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். பிடிபட்டவர்கள் சிறைக்கும் சைபீரியாவுக்கும் போனார்கள். வீட்டில் அம்மா ராட்டையில் நூல் நூற்றபடி பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தாள். 40 ஆண்டுகள் இப்படியே நடந்து, 1904இல் தடை நீங்கியது. அவர்களில் பெரும்புள்ளியான யுர்கிஸ் பியெலினிஸ் பிறந்த மார்ச் 16ஐ இன்றும் புத்தகம் சுமந்தோர் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மோங் மக்களோ தங்களிடம் எழுத்து இருந்து தொலைந்தது என்று சொல்கிறார்கள். பெரிய ஆற்றைக் கடக்கும்போது புத்தகம் வெள்ளத்தோடு போயிற்று என்று ஒரு கதை. குதிரை தின்றுவிட்டது என்று இன்னொன்று. பெண்கள் எழுத்துகளைப் பாவாடைப் பூவேலைக்குள் ஒளித்துவைத்தார்கள், பிறகு படிக்க மறந்துபோயிற்று என்று மற்றொன்று. நான் மேலே விளக்கிய ரோமன் முறையை 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் ஸ்மாலி, பார்னி, பெர்த்ரே என்ற மூன்று மிஷனரிகள் உருவாக்கினார்கள். நாடு நாடாகச் சிதறிய குடும்பங்கள் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டது பெரும்பாலும் இதில்தான்.

இன்னொரு எழுத்தும் உண்டு. ஷோங் லூ யாங் என்ற விவசாயி, எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர், 1959இல் 'பஹா' என்ற எழுத்துமுறையை உருவாக்கினார். வானத்திலிருந்து தனக்கு அருளப்பட்டது என்றார். அதில் அசையின் உயிர்ப்பகுதியை முதலில் எழுதுவார்கள், மெய்யை அடுத்து எழுதுவார்கள். படிக்கும்போது மெய்தான் முதலில் வரும். விசித்திரமாகத் தோன்றினால் நம் 'கெ'யை எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. அவர் தன் எழுத்தைத் தாமே பலமுறை திருத்திச் செம்மை செய்தார். 'எழுத்தின் தாய்' என்று அவரை அழைத்தார்கள். 1971இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய எழுத்து 2014இல் யூனிகோடில் சேர்ந்தது.

பாட்டிலும் இந்த வேறுபாடு தெரியுமா?

மோங்கில் தெரியும், அதுவும் வியக்கும்படி. 'கெங்' என்று ஆறு மூங்கில் குழல் கொண்ட ஊதுகருவி உண்டு. தொனியிலேயே பொருள் இருப்பதால் அந்தக் கருவியின் சுரங்கள் சொற்களாகவே 'பேசும்'. சாவு வீட்டில் இறந்தவரின் ஆவிக்கு வழி சொல்வது அந்தக் கருவிதான். சுற்றியிருப்பவர்களில் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தச் சொற்கள் விளங்கும். லிதுவேனியத்தின் பெருமை 'சுதர்தினேஸ்' என்ற பெண்களின் கூட்டுப்பாடல். அருகருகே உரசும் சுரங்களை ஒன்றாகப் பாடுவார்கள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

மோங் மொழியில் உணர்ச்சிகள் ஈரலில் இருக்கின்றனவாமே?

ஆமாம். 'ஷியா' என்றால் ஈரல். நல்ல ஈரல் என்றால் மகிழ்ச்சி, அறுந்த ஈரல் என்றால் வருத்தம், நீண்ட ஈரல் பொறுமை, குட்டை ஈரல் முன்கோபம். ஈரக்குலை நடுங்கியது என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். லிதுவேனியர்களுக்கு எல்லாம் இதயம்தான், 'ஷிர்திஸ்'.

தமிழருக்கு எது கடினம்?

என் கணிப்பில் லிதுவேனியத்தைப் படிக்க நேரம் அதிகம் ஆகும், ஆனால் திகைப்பு குறைவு. வேற்றுமை, பால், விகுதி எல்லாம் நமக்குப் பழகிய யோசனைகள், மனப்பாடம்தான் பாக்கி. மோங்கில் முதல் மாதம் காதுதான் படிக்கும். எழுத்தைப் பார்க்காமல் ஒலிப்பதிவைக் கேட்டுத் திரும்பச் சொல்லிப் பழகிவிட்டு, அப்புறம் எழுத்துக்கு வாருங்கள். எழுத்தை முதலில் பார்த்தால் கடைசி மெய்யை உச்சரிக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதை விடுவது பெரும்பாடு.

வணக்கத்துக்கு லிதுவேனியத்தில் 'லாபஸ்', நன்றிக்கு 'ஆச்சூ'. மோங்கில் 'ந்யோ ஜோங்', 'உஅ ட்சௌ'.

புதிய சொற்கள் வந்தால் என்ன செய்கிறார்கள்?

கம்ப்யூட்டர் என்ற சொல் இரண்டு மொழிக்கும் போயிருக்கிறது. லிதுவேனியம் அதை 'கொம்பியூதெரிஸ்' ஆக்கியது. முடிவில் ஓர் எஸ், ஆக ஆண்பால், இனி ஏழு வேற்றுமையும் ஏற்கும். மோங் அதை 'கோங் பி தவ்' என்று மூன்று அசையாக வெட்டி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு தொனி கொடுத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் எழுத்து வைத்தது. முதல் இரண்டு அசைக்கும் எஸ். அந்த எஸ்ஸைப் படிக்காதீர்கள், குரலை மட்டும் தாழ்த்துங்கள்.